பதினொன்றேகால் மணி அழுகை

பெங்களூரில் இன்றைக்கு நாற்பதை நெருங்குகிறவர்களில் யாராவது நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கைச் சட்டையில் துடைக்காமல், முறையாக அழுகிறார் என்றால் அவர் சிறுவயதில் அழுகை மிஸ்ஸிடம் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் இந்த நகரத்தில் அழத் தெரியாது. சவால் விட்டே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆபீஸ் கிளார்க். பரீட்சை முடிந்ததும் அதே கட்டடத்தில் பிள்ளைகளுக்குச் சம்மர் கேம்ப் நடக்கும். அதற்கும் நானே கிளார்க். நடத்தியவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கேப்டன். அவருக்கு எல்லாமே விசில்தான். ஒரு விசில் அடித்தால் டென்னிஸ், இரண்டு அடித்தால் டிராயிங், மூன்று அடித்தால் அவருக்குக் காபி.

அழுகை மிஸ் சேர்ந்தது கிராஃப்ட் சொல்லித்தர. ஜோகுபாளையத்திலிருந்து தினமும் ஒரு கை நிறைய கிரேப் காகிதச் சுருளோடு நடந்தே வருவார். நிஜப் பெயரை ரெஜிஸ்டரில் எழுதியவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் வாட்ச்மேன்கூட அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

கேம்ப் என்றால் முதல் வாரம் அழுகைதான். ஐந்து வயதும் ஆறு வயதும் அம்மா கையை விட்டதும் ஆரம்பிக்கும். டென்னிஸ் கோச் அழுகிற பிள்ளையை டிராயிங் மாஸ்டரிடம் அனுப்புவார். அவர் பாட்டு டீச்சரிடம் தள்ளுவார். பாட்டு டீச்சர், சுருதி கெடுகிறது என்று கிராஃப்ட் ரூமுக்கு அனுப்பிவிடுவார். கிராஃப்ட் ரூம் வராந்தாவின் கடைசியில் இருந்தது. அதற்கு அப்புறம் காம்பவுண்டுச் சுவர்தான் என்பதால் மிஸ் மேற்கொண்டு அனுப்ப இடமில்லை.

மூன்றாம் நாள் அவரிடம் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். மிஸ் கோபப்படவில்லை. ஆபீஸுக்கு வந்து, சுவரில் தொங்கிய அட்டவணையில் தன்னுடைய கிராஃப்ட் வகுப்பிலிருந்து கால்மணி நேரத்தை வெட்டி, பதினொன்றேகால் முதல் பதினொன்றரை வரை 'அழுகை' என்று எழுதிவிட்டுப் போனார். கையெழுத்து மணிமணியாக இருந்தது.

அன்றிலிருந்து கண்ட நேரத்தில் அழக்கூடாது. பத்து மணிக்கு உதட்டைப் பிதுக்கினால், "இப்போ இல்ல கண்ணு, பதினொன்னேகாலுக்கு" என்பார். குழந்தையும், டாக்டரிடம் டோக்கன் வாங்கினதுபோல, தலையாட்டிவிட்டுப் போகும். நேரம் வந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். குடிக்காமல் அழுதால் தலைவலி வரும் என்பது மிஸ்ஸின் கட்சி. மடியில் கைக்குட்டை இருக்க வேண்டும். குப்புறப் படுக்கக் கூடாது. காரணம் சொல்லலாம், சொல்லாமலும் அழலாம். பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து அழுதால் மட்டும் அது காப்பி அடிப்பது.

எனக்கு இதெல்லாம் தலைவெடிக்கிற ஆச்சரியம். சாக்பீஸ் கொடுக்கிற சாக்கில், ரெஜிஸ்டர் கொடுக்கிற சாக்கில், ஒன்றும் கிடைக்காத நாளில் காலண்டர் பார்க்கிற சாக்கில் அந்த ஜன்னல் பக்கம் போய்விடுவேன். ஒருநாள் ஒரு பெண் குழந்தை கவலையோடு எழுந்து நின்று, "மிஸ், எதுக்கு அழணும்னு மறந்துட்டேன்" என்றது.

"யோசி. இன்னும் ஸ்வல்ப டைம் இருக்கு" என்றார் மிஸ், காகிதப் பூவைக் கட்டிக்கொண்டே.

அழுகையை நிறுத்த இது நல்ல தந்திரம் என்று நான் பாராட்டினேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். நிறுத்தவா, யார் சொன்னது, பிள்ளைகள் நன்றாக அழட்டும் என்றுதானே தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறேன் என்றார். அவர் விளையாடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வினை என் கையால் வந்தது. பெற்றோருக்கு அனுப்ப அட்டவணையை டைப் அடிக்கச் சொன்னார் கேப்டன். சுவரில் இருந்ததை இருந்தபடியே ஸ்டென்சிலில் அடித்து, பிரதி எடுத்து, பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பிவிட்டேன். டென்னிஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், ஆசிரியர் பெயரோடு, 'அழுகை' வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் கிரண் என்ற பையனின் அப்பா வந்து நின்றார். ஏதோ தொழிற்சாலையில் மேனேஜர். கழுத்தில் டை, கையில் என் தாள். பையனை டென்னிஸ் கற்றுக்கொள்ள அனுப்பினேன், இங்கே அழச் சொல்லிக்கொடுக்கிறீர்களா, பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார். கேப்டனுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். விசில் வாயிலிருந்து நழுவிவிட்டது. இன்றைக்கு நீங்களே உட்கார்ந்து பாருங்கள், தப்பு என்று பட்டால் அந்த வகுப்பும் இருக்காது, அந்த மிஸ்ஸும் இருக்க மாட்டார் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

குற்றவாளி நான். ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்னேன், இன்றைக்கு ஒருநாள் பூக்கட்டச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "வரட்டும் சார். ஒரு டம்ளர் சேத்து வெச்சுடறேன்" என்றார்.

பதினொன்றேகாலுக்குக் கிரணின் அப்பா வந்து குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். நானும் கேப்டனும் ஜன்னலில்.

"தண்ணி குடிச்சிட்டீங்களா சார்?"

"நான் பார்க்கத்தான் வந்தேன்."

"பார்க்கறவங்களும் குடிக்கணும் சார். ரூல்."

குடித்தார். மிஸ் திரும்பி, "கிரண், நேத்து விட்ட எடத்துலேருந்து ஆரம்பி கண்ணு" என்றார்.

பையன் அப்பாவைப் பார்த்தான், கைக்குட்டையைப் பார்த்தான், ஆரம்பித்தான். பொம்மனஹள்ளியில் இருந்த வீட்டை விட்டு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார்களாம். அங்கே நாய் வளர்க்கக் கூடாதாம். டைகரைப் பழைய வீட்டுக்குப் பக்கத்து வாட்ச்மேனிடம் விட்டுவிட்டார்களாம். "அப்பா ஸ்கூட்டர் சத்தம் கேட்டா அது வாசல் கேட்டுக்கு ஓடிவரும் மிஸ். இப்போ யார் ஸ்கூட்டருக்கு ஓடுதோ."

அப்பா பையன் பக்கம் திரும்பினார். "வீட்ல இதை ஏன்டா சொல்லல?"

"அழக்கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

டைகரைக் குட்டியாக இருந்தபோது தொழிற்சாலை வாசலிலிருந்து சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தவரே அவர்தானாம். அது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் டை கட்டின ஒரு முதுகு குலுங்கியதுதான். மிஸ் ஒரு கைக்குட்டையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "சார், நேரா உக்காருங்க. குனிஞ்சு அழுதா மூக்கு அடைச்சுக்கும்."

பதினொன்றரைக்கு விசில் அடிக்கக் கேப்டன் மறந்துவிட்டார். வெளியே வந்த கிரணின் அப்பா எங்களைப் பார்க்காமல் மிஸ்ஸிடம் மட்டும் கேட்டார்: "நாளைக்கும் இதே டைம்தானா?"

அடுத்த திங்கட்கிழமை கிரண் கிராஃப்ட் ரூம் வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் தானும் டைகரைப் போய்ப் பார்த்ததாகவும், அதனால் இன்றைக்கு அழ வேலை இல்லை என்றும் லீவு சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருஷம் கேம்ப் முடிகிற வரைக்கும் அழுகை அட்டவணையில் இருந்தது. கடைசி நாள் காலையில் மிஸ் ஆபீஸுக்கு வந்து, மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த கோடைக்கு வர மாட்டேன் என்றார். வாழ்த்து சொன்னேன். ரெஜிஸ்டரில் எழுதினேன். அவர் போனதும் எழுதின வரியையே நாலு தடவை படித்தேன்.

பதினொரு மணிக்கெல்லாம் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். நான் எந்தச் சாக்கும் இல்லாமல் வராந்தாவின் கடைசிக்கு நடந்தேன். ஜன்னல் பக்கம் போகாமல், முதல்முறையாக வாசல் வழியாக உள்ளே போனேன். மிஸ் மிச்சக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார்.

அந்த வருஷம் தண்ணீர் குடித்துவிட்டு, நேராக உட்கார்ந்து, முறைப்படி அழுத கடைசி ஆள் நான்தான்.