ஒற்றைப் பிளக் போர்

பாதுகாப்பும் வளர்ச்சியும் பகையும் ஒரே கயிற்றின் முப்புரியென்று ஆண்டுக்கணக்கில் கண்கெட ஆய்ந்த ஆராய்ச்சி மாதரசியே, வாழி! ஆற்றுநீருக்கு அடித்துக்கொண்ட அண்டை நாடுகளை அடிக்குறிப்பில் சிறைவைத்த அறிவுக்கரசியே, வாழி! நின் இறுதி அத்தியாயம் நண்பகலுக்குள் போய்ச்சேராவிடில் பட்டத்துக்கான பதிவே ரத்தாகிவிடும் அந்நன்னாளில், நின் மடிக்கணினி உயிர்விடத் துடித்த துயரை எங்ஙனம் பாடுவேன்! சார்ஜ் கடைசிச் சொட்டில் ஊசலாடியது.

பன்னாட்டு உறவுகளை ஆயும் அப்பெருங்கூடத்தில், உலகையே கூறுபோட்ட வரைபடங்கள் சுவரெல்லாம் மிளிர, வேலை செய்யும் பிளக்கோ ஒன்றே ஒன்று. அதனைக் கைப்பற்றிக் காலைமுதல் காவல் காத்திருந்தான், ஆயுதக் குறைப்பை ஆய்வதால் ஏவுகணை என்று பெயர்பெற்ற எதிர்மேசை மாவீரன். அவனது கைப்பேசி வயிறுமுட்ட மின்சாரம் உண்டபின்னும் ஒயரை விடவில்லை.

"அண்ணே, புண்ணியமாப் போகும், கொஞ்சம் கழட்டுங்க. பன்னெண்டு மணிக்குள்ள அத்தியாயத்தை முடிச்சு அனுப்பணும்."

"முதல்ல வந்தது நான்தாம்மா. இன்னைக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு நாற்காலியையும் கேப்பே!"

அவ்வளவுதான். சீறியெழுந்த நம் சிங்கப்பெண் அவன் ஒயரைப் பிடுங்கித் தன் ஒயரைச் செருக, அவன் அதைப் பிடுங்கித் தன்னதைச் செருக, இவள் மீண்டும் பிடுங்க, பிளக்கில் பொறிபறக்க, மேசை அதிர, மேலிருந்த சமாதான மாநாட்டு அறிக்கைகள் பொலபொலவென உதிர்ந்தன. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அப்போது, மூலைமேசையில் போர்நிறுத்தங்களை ஆயும் முதுபேரறிஞர், வெண்கொற்றக்குடையன்ன நடுநிலை காட்டி எழுந்தருளினார்.

"ரெண்டு பேரும் ஒயரை உருவுங்க. வெறுங்கையோட உக்காந்தாத்தான் பேச்சுவார்த்தை. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுற வரைக்கும் ஒருத்தரும் பிளக்கைத் தொடக்கூடாது!"

ஒப்பந்தத்தை எங்கே தட்டச்சுவது? நம் நாயகியின் மடிக்கணினியில்தான். படித்த புத்தி எங்கே போகும்! முகவுரையில் 'பகிர்வு' என்றாள் அவள். 'தற்காலிக அனுமதி' என்றான் அவன். மின்சாரம் வளர்ச்சிக்குரியதா பாதுகாப்புக்குரியதா என்று ஒரு பிரளயம். அவனே அலுத்துப்போய், "சரிம்மா, நீயே வச்சுக்கோ, கையெழுத்துப் போடுறேன்" என்று இறங்கிவந்த பொற்கணத்திலோ, நம் தத்துவச்சுடர்க்கொடி தலையசைத்து மறுத்தாள்.

"ஆதாரம் இல்லாம எப்படிண்ணே? ஒரே ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கிறேன்."

ஒன்று போட்டாள். அதற்கு விளக்கமாக இன்னொன்று போட்டாள். முற்கால உடன்படிக்கைகளை மேற்கோள்காட்டி மேலும் மேலும் போட்டாள். அந்தோ! திரை இருண்டது, சுவர்க்கடிகாரம் பன்னிரண்டைக் கடந்து ஒய்யாரமாக நடந்துகொண்டிருந்தது.

"ஐயோ, என் அத்தியாயம்!" என்று அவள் அலறிய அலறலில் ஏவுகணையே கண்கலங்கித் தன் ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். இத்தனை நாள் உழைப்பும் இப்படியா போகவேண்டும்! பகைவர் இருவரும் தலைகவிழ்ந்து நிற்க, வென்றார் யார், தோற்றார் யார் என்று வரைபடத்து நாடுகளெல்லாம் எட்டி நோக்க, போர்க்களத்தின் நட்டநடுவே கேட்பாரற்றுக் கிடந்த அப்பிளக்கை நோக்கி அடிமேல் அடிவைத்து அணுகினார், அமைதியின் காவலர், அறத்தின் தராசு, நடுநிலைப் பெருந்தகை.

கெட்டிலைச் செருகி டீ போட்டுக் குடித்தார்.