நாற்பத்தொன்றாம் நம்பரின் ஒன்பது நிமிஷம்

பாபநாசம் வழி,
ஆவணி 14, 1971

சென்னையில் ஆராய்ச்சி செய்யும் சிரஞ்சீவி செல்லதுரைக்கு அப்பா இளையபெருமாள் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் பசு சுகம், கன்று சுகம், உன் அம்மா நீலாம்பாள் சுகம். நான் சுகமா என்பதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் ஆராய்ச்சி நன்றாக இருக்கட்டும். அதனால் நம் எட்டு மா குத்தகை நிலம் போய்விட்டது.

குத்தகைக்காரன் பெயரைச் சர்க்கார் ஏட்டில் ஏற்றப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருப்பதையும், நேற்று ஐந்து மணியோடு கடைசி என்பதையும் உனக்கு எழுதியிருந்தேன். பெயர் ஏறாதவன் இந்தச் சம்பாவுக்கு வயலில் கால் வைக்க முடியாது என்று பண்ணை ஏஜெண்டு இராஜாங்கம் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். அதற்கு நீ என்ன பதில் எழுதினாய்? டெலிபோன் லைனில் ட்ரங்க் கால் காத்துக்கிடப்பதும் ஊரில் ஜனங்கள் வரிசையில் நிற்பதும் ஒரே கணக்குதான், யார் எத்தனை மணிக்கு உள்ளே போகிறார், எத்தனை மணிக்கு வெளியே வருகிறார் என்று குறித்து அனுப்புங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், நம்பர் மட்டும் போடுங்கள் என்று எழுதி, கைக்கடிகாரம் வேறு அனுப்பினாய். ஆள் வருகிற வேகத்தைவிட அனுப்புகிற வேகம் குறைந்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும் என்பதுதானே நாலு வருஷமாக நீ படிக்கிறது? மதகு சின்னதாக இருந்தால் வாய்க்கால் கரை உடையும் என்று நான் ஒரு கார்டில் எழுதியிருப்பேனே!

நேற்றுக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆறே பேர்தான் உள்ளே போய் வந்தார்கள். இராஜாங்கம் ஆபீசர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தருக்கும் ஆட்சேபணை சொல்கிறான். எனக்கு முன்னால் ஐம்பது பேர். பயத்தை மறக்க நோட்டை எடுத்து நீ சொன்னபடி எழுத ஆரம்பித்தேன், இராஜாங்கம் வெளியே வந்து பார்த்துவிட்டான்.

"என்னய்யா எழுதுற?"

"மெட்ராஸ்ல கேட்டிருக்காங்க. ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் ஆவுதுன்னு எழுதி அனுப்பணும்."

"எதுக்கு?"

"எங்க அடைச்சிக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபுடிப்பாங்களாம்."

இதில் ஒரு சொல் பொய் இருக்கிறதா, நீயே சொல். அவன் முகம் வெளுத்தது. உள்ளே போய் ஆபீசர் காதில் என்னவோ சொன்னான், சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். உடனே ஆபீசரே எழுந்து வந்து, "சார், நீங்க நிக்கலாமா?" என்று வாசலோரம் நாற்காலி போட்டுக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஆளுக்கு மூணே நிமிஷம்! வேகமாக நடக்கிறது என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் ஓடி வந்தார்கள். நான் எழுந்து வரிசைக்குப் போகப் பார்த்தேன். நோட்டு மூடினதும் ஆபீசர் பேனாவும் மூடிக்கொண்டது, வரிசை மொத்தமும் "உக்காரு, உக்காரு" என்று கையாலேயே கெஞ்சியது. எல்லாரும் நம் மாதிரி குடும்பம் உள்ளவர்கள், என்ன செய்வேன்? உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று படியேறுகிற கால்களை மட்டும் பார்த்து எழுதினேன். அதில் எவளோ ஒரு புண்ணியவதி, நாற்பத்தொன்றாம் நம்பர், சேறு காயாத காலோடு உள்ளே போனவள் ஒன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஆபீசர் சிரிக்கிற சத்தம் வேறு. இங்கே எனக்கு உயிர் போகிறது, அவளுக்கு என்ன கதை! உன் சராசரியைக் கெடுக்கிறாளே என்று அந்த நம்பரையே அடித்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு எழுபத்துநாலு பேர் பெயர் ஏறியது. ஆபீசர் ஏட்டை மூடி, "ரிப்போர்ட்ல நல்லபடியா எழுதுங்க சார்" என்று கும்பிட்டார். நானும் குத்தகைக்காரன்தான் என்று சொன்னால் ஏமாந்த கோபத்தில் அத்தனை பேர் பெயரையும் அடித்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அம்மா கேட்டாள், "ஆச்சு" என்றேன். "ம்" என்று சோறு போட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் இப்படிப் பொய் சொன்னதில்லையடா. இப்போது மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். அவளுக்கு ஒரு வார்த்தை எழுதிவிடாதே. ஆராய்ச்சியைக் கட்டி வைத்துவிட்டு அடுத்த ரயிலில் வந்து சேர். நோட்டையும் இத்துடன் அனுப்புகிறேன், அடுப்பில் போடு.

நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருப்பாய்.

இப்படிக்கு,
நிலமில்லாத உன் அப்பா,
இளையபெருமாள்

பின்குறிப்பு: வரவேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது உன் அம்மா வந்து ஒரு ரசீதை நீட்டினாள். எட்டு மா, குத்தகைதாரர் நீலாம்பாள். "நீங்க நாக்காலியில மாட்டிக்கிட்டீங்கன்னு நடவுல வந்து சொன்னாங்க. போட்டது போட்டபடி ஓடியாந்தேன், வரிசையில என்னை முன்னால விட்டாங்க. நடுறது நானு, களை எடுக்கறது நானு, வரப்புல நின்னு கத்தறது மட்டும் அவருன்னேன். ஆபீசர் சிரிச்சிக்கிட்டே எழுதிட்டாரு. ஏங்க, இருபத்தெட்டு வருசமா பாத்த காலு, தெரியலையா?" என்று கேட்டாள். வெட்கத்தில் கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தொன்றாம் நம்பரைத் திரும்ப எழுதிவிட்டேன். அந்த ஒன்பது நிமிஷத்தை நீயும் கணக்கிலிருந்து எடுத்துவிடாதே. மற்றபடி, நாளைக்கு நாற்றுப் பறிக்க ஆறு மணிக்கு நான் வயலில் இருக்க வேண்டுமாம். தாமதமானால் குறித்துக்கொள்வாளாம். கடிகாரத்தை அவள் கட்டிக்கொண்டுவிட்டாள்.