தேடாதே என்று சொல்ல ஓர் அனுமதி

எங்கள் சபையின் நிர்வாக விதி தெளிவானது: பழுதாகி ஆராதனைக்கு இடையூறு செய்யும் எந்தப் பொருளையும் செயலாளர் தன் பொறுப்பில் நிறுத்தலாம், மேலிடத்துக்குப் பிறகு தெரிவித்தால் போதும். இதன்படி முந்தைய செயலாளர்கள் காலத்தில் மின்விசிறி, மணி, ஒருமுறை ஆர்மோனியம்கூட நிறுத்தப்பட்டிருக்கிறது. நிற்காதது ஒரு கம்ப்யூட்டர் மட்டும். காரணம், இப்போதைய செயலாளர் நாங்கள் பர்மிஷன் அண்ணன் என்று கூப்பிடுபவர். தும்மல் வந்தால்கூட மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுத் தும்மக்கூடிய மனிதர் சித்தூரில் அவர் ஒருவர்தான்.

பாட்டு வரிகளைத் திரையில் காட்டத்தான் அந்தக் கம்ப்யூட்டர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். லினக்ஸுக்குக் காசில்லை என்றதும் கமிட்டி ஒருமனதாக ஏற்றது. இருந்த பாட்டுப் புத்தகங்களை உற்சாகத்தில் நாகலாபுரம் சபைக்குத் தானம் செய்தது. இன்டர்நெட் மட்டும் கூடாது. கொடுத்தால் வாலிபர்கள் கிரிக்கெட் பார்ப்பார்களாம்.

இந்தத் தீர்மானம் லினக்ஸுக்குத் தெரியாது. தனக்குப் புதிய அப்டேட் வந்திருக்கிறதா என்று தினமும் வெளியே தேடும். கிடைக்காது. உடனே திரை நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து, இணைப்பு இல்லை என்று அறிவிக்கும். ஓர் அடக்க ஆராதனையில் இறந்தவரின் படத்தின்மேலேயே அப்படி அறிவித்தது. ஒரு திருமணத்தில், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்ட நேரத்தில், "பிறகு நினைவூட்டவா?" என்று கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் படித்துவிட்டுப் பெண்ணைப் பார்த்தார்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தே நரைத்தவன் நான். வழி சொன்னேன்.

"செட்டிங்ஸ்ல ஒரு வரிதான். தினமும் தேடுன்னு இருக்கறத, தேடவே வேணாம்னு மாத்துங்க. பாஸ்வேர்டு உங்க கிட்டதானே இருக்குது?"

"இருக்குது சார். ஆனா இது பழுது இல்லியே. தேடுது, கெடைக்கல, கெடைக்கலன்னு சொல்லுது. உங்க ஆபீஸ்ல இவ்ளோ ஒழுங்கா யாருனா பதில் சொல்லிக்கினு இருந்தாங்களா?"

பழுதில்லாத பொருளை மாற்ற மேலிடத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்பது அவர் வியாக்கியானம். திருப்பதியில் உள்ள மேலிட அலுவலகத்துக்கு எழுதினார். பதில் இல்லை. போன் செய்தார்.

"ஆன்லைன்ல அப்ளை செய்யண்டி," என்றது தெலுங்கில் எதிர்க்குரல்.

"ஆன்லைன் லேதண்டி, இல்லவே இல்ல. அதனாலதான் அப்ளை பண்ணிக்கினு இருக்கேன்."

போன் வைக்கப்பட்டது.

இடைக்கால ஏற்பாடாக, பெட்டி வரும்போதெல்லாம் புரொஜக்டர் முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்தார். சட்டென்று மூடிவிடலாமே என்பீர்கள். வந்த அறிவிப்பைப் படிக்காமல் மூடுவது முறையல்லவாம். கண்ணாடி மாட்டி, முழுதும் படித்து, பிறகுதான் மூடுவார். அதுவரை பலிபீடத்துக்கு மேலே கூரையளவுக்கு ஒரு கறுப்புக் கை. பயத்தில் காணிக்கை கூடியது என்று பொருளாளர் சொன்னார்.

இந்நிலையில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மனைவி காலமான பின் அவரே தலைவாரி வளர்த்த பெண்.

"நைனா, அந்தப் பொட்டி என் கல்யாணத்துல வந்துச்சின்னா பாதியில எறங்கிப் போய்க்கினே இருப்பேன்," என்றாள், என் எதிரிலேயே.

அவள் போனதும் கேட்டேன். "இப்பவாவது மாத்துவீங்களா?"

"மத்தவங்க பொண்ணுங்க கல்யாணத்துல வந்துச்சு இல்ல சார். அப்ப மாத்தல. என் பொண்ணுக்குன்னு மட்டும் மாத்துனா, அவங்க மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது?"



கல்யாணத்தன்று மணப்பெண் வாசலுக்கு வந்ததும் அண்ணன் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"இதுக்குப் பர்மிஷன்?" என்றேன் மெதுவாக.

"தெனமும் அணைக்கறதுதானே சார்."

திரை இல்லை, புத்தகமும் இல்லை. பழைய மிஷனரிகள் காலத்து வழக்கப்படி அவரே முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார். சபை வாங்கிப் பாடியது. ராகம் அவர் பக்கமே வரவில்லை. கடைசிச் சரணத்தில் வரியும் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். சபை காத்திருந்தது. முக்காட்டுக்குள்ளிருந்து மகள் அந்த வரியைச் சொன்னாள். அதை வாங்கி முதலில் பாடியவர் அவர்தான். மகா மோசமாகப் பாடினார்.

இனித் தேட வேண்டாம் என்று மாற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதிக் கடிதம் பிறகு வந்தது. சபைத் தபால் பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று விட மனம் வராமல், அதை எடுத்துக்கொண்டு நானே பஸ் நிலையத்துக்குப் போய் அவருக்காகக் காத்திருந்தேன். கடிதம் வந்த நாள், மகளைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு அவர் தனியாக ஊர் திரும்பிய வெள்ளிக்கிழமை.