மாதனூர் பஸ்ஸும் எரர் அண்ணனும்

எரர் அண்ணனைத் திருப்திப்படுத்திய பொருள் ஆம்பூரில் ஒன்றுகூட இருந்ததில்லை. பிரியாணி வந்தால் கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து "எரர்" என்பார். கல்யாணப் பத்திரிகை நீட்டினால், தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரைப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று கேட்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் எங்கள் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷன் அவர் கையில் இருந்தது. நான் ஷிப்பிங்கில் டைப் அடிப்பவள். அனுப்பும் ஷூக்களின் பட்டியலை அடித்து முடித்ததும், ஒவ்வொரு இடது காலுக்கும் அதே அளவில் வலது கால் இருக்கிறதா என்று ஒரு புரோகிராம் சரிபார்க்கும். முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்த ஓப்பன் சோர்ஸ் சரக்கு. தவறை விடாது, ஆனால் ஆமை வேகம். அது முடிப்பதற்குள் மாதனூர் போகும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். இருட்டிய பிறகு நான் வீடு சேர்வதைப் பார்த்துப் பார்த்து அப்பா சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் லேட்டானா வேலைக்கே போவ வேணாம்."

அண்ணனிடம் போய் அழுதேன்.

"அழுவாதம்மா. இந்தப் பேஜார் புடிச்சது இன்னா பண்ணுதுன்னு பாக்கறேன்."

மறுநாள் காலை புரோகிராமில் எதையோ மாற்றிவிட்டு, பழைய பட்டியல் ஒன்றை ஓட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நான் கைதட்டினேன். அவரோ, வேண்டுமென்றே எல்லாம் இடது கால் ஷூவாக ஒரு பட்டியல் போட்டார். அதையும் சரி என்றது.

"எரர். லெஃப்ட்டுக்கும் லெஃப்ட்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிட்டேன்."

மத்தியானம் சாப்பாட்டை விட்டுவிட்டு பேக்கிங் ஹாலில் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"அங்க சைஸ் வாரியா அடுக்கிட்டு, கை நீட்டி ஜோடிய எடுக்கறாங்க. இது ஒவ்வொரு லெஃப்ட்டுக்கும் மொதல் பொட்டியிலேர்ந்து ரைட்டத் தேடினு இருக்குது."

முதலில் ஷூக்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொள்ளும்படி புரோகிராமை மாற்றினார். பட்டியல் சீக்கிரமே முடிந்தது, இடது கால் கல்யாணமும் பிடிபட்டது. அன்று பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டே கிடைத்தது.

அடுத்த நாள், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அந்த மாற்றத்தைப் புரோகிராம் எழுதிய வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்ப உட்கார்ந்தார். ஏன் மாற்றினோம் என்று காரணம் எழுத வேண்டுமாம்.

"ஸ்பீடுக்காகன்னு போடுங்கண்ணா."

"எரர். காரணம் அது இல்லியே."

அவர் ஆங்கிலத்தில் அடித்ததை எட்டிப் பார்த்தேன். 'மாதனூர் பஸ் போய்விடுகிறது. என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும்.'

அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்பது கம்பெனிக்கே தெரியும். திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.