நாற்றம் இல்லை

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மாங்குளம் சந்திக்குச் சற்று வடக்கே, ஏ-9 வீதியோரத்துத் தேநீர்க் கடையொன்றின் முன் நின்று, சம்பளத்துக்காக முதன்முறையாக ஒரு தமிழ் வாக்கியத்தை உச்சரித்தேன். இன்றுவரை அதுவே கடைசி முறையும்கூட.

அந்த வாக்கியம் இது: "உங்கள் கிணற்று நீரில் நாற்றம் உண்டா?"

(இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வேண்டுமானால் சரிபார்க்கலாம்.)

நான் அப்போது தமிழ் இலக்கியம் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கொழும்பிலிருந்து வந்த நில்மினி என்ற நிலவியல் ஆய்வாளருக்கு ஒரு நாளைக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். கடைக்கு அடுத்த காணியில் நெடுங்காலம் மூடிக்கிடந்த எரிபொருள் நிலையமொன்று இருந்தது. நிலத்துக்குள் புதைத்திருந்த அதன் தாங்கியிலிருந்து டீசல் கசிந்து, மண்ணிலோ அயற்கிணறுகளிலோ கலந்திருக்கிறதா என்று கண்டறிவது அவருடைய வேலை. தண்ணீரில் ஏதேனும் வாடை தெரிகிறதா என்று அயலவர்களிடம் கேட்பது என்னுடைய வேலை.

எங்கள் ஊரில் எவரும் இதை "தண்ணி மணக்குதோ?" என்று கேட்டு முடித்திருப்பார்கள். எனக்கு அது போதவில்லை. 'மணம்' என்ற சொல் நன்மையின் பக்கம் சாய்கிறது. திருமணம் வேறு குறுக்கே வருகிறது. 'நாற்றம்' அப்படியல்ல. பழந்தமிழில் பூவுக்கும் நாற்றம் உண்டு. ஓர் ஆய்வுக்கு நடுநிலையான சொல்லே உகந்தது என்று முதல்நாள் முழுவதும் சிந்தித்துத் தெரிவு செய்திருந்தேன்.

கடைக்காரரின் பெயர் பரிமளம் என்பதை மட்டும் எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"என்ன கேட்டனீர்?" என்றார் அவர்.

காது கேட்கவில்லை என்று எண்ணி, இன்னும் தெளிவாக, இன்னும் உரத்து ஒருமுறை கேட்டேன்.

கடை வாசல் வாங்குப் பலகையில் இருந்த ஓட்டோக்காரர் தேநீர்க் குவளையை வாயிலிருந்து எடுத்தார். "பரிமளக்கா, உங்கட தண்ணி நாறுதாம் எண்டு பிள்ளை சொல்லுறா."

"நாறுதாமோ? இவ்வளவு காலமும் உனக்கு இந்தத் தண்ணியிலதான் ஊத்துறன். இண்டைக்கோ நாறுது?"

"அதுதானக்கா, காலமேயிருந்து வயித்துக்க ஒரு மாதிரி..."

"அது நீ நேற்றுத் திண்ட கொத்துரொட்டி!"

நான் குறுக்கிட்டேன். (குறுக்கிடாமல் இருந்திருக்கலாம்.) "அக்கா, இலக்கியத்தில் நாற்றம் என்றால்..."

"இலக்கியத்தில நாறினா அங்க போய்ச் சொல்லும். இஞ்ச ஏன் வந்தனீர்?"

சொன்ன வேகத்தில் வாளியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு என் கையில் திணித்தார். "இந்தாரும். நீரே குடிச்சுப் பாத்து இவைக்குச் சொல்லும்."

பிராயச்சித்தம் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததே என்று நான் குவளையை உயர்த்திய அக்கணம், வேலிக்கப்பால் கருவிகளை இறக்கிக்கொண்டிருந்த நில்மினி அதைக் கண்டுவிட்டார். "எபா! எபா!" என்று அலறியபடி ஓடி வந்தார். 'வேண்டாம்' என்ற அந்தச் சிங்களச் சொல்லை ஏ-9 வீதியில் அறியாதவர் இல்லை. அன்று மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத ஒரே சொல் அதுதான்.

வாங்கு காலியாயிற்று. ஓட்டோக்காரர் தன் குவளையை, வெடிக்கக்கூடிய ஒன்றை வைப்பதுபோல், மெல்ல நிலத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பரிமளக்கா இப்போது சத்தம் போடவில்லை. அந்த அடுப்பை நம்பித்தான் மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அப்போது கண்டது அவர் அடுப்பை அணைத்ததை மட்டுமே.

"பிள்ளை, உண்மையாத் தண்ணியில ஏதும் இருக்கோ?"

அந்தக் கேள்வியை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். "பார்ப்போம்" என்றார் நில்மினி.

பழைய தாங்கியின் அருகே, நில்மினியும் அவருடன் வந்த உதவியாளர்களும் கையால் திருகி இறக்கும் துளைக்கருவியால் நிலத்தைத் துளைத்தார்கள். முல்லை, மருதம் என்று நிலத்தைப் பகுத்துப் படித்தவள் நான். நிலத்துக்குக் கீழேயும் நிலம் இருக்கிறது என்று எந்தப் பாடத்திலும் எனக்குத் தோன்றியதில்லை. முதலில் செம்புழுதி வந்தது. பிறகு மஞ்சள் மணல். பிறகு சாம்பல் பூத்த ஈரமண். அதை எடுத்ததும் டீசல் வாடை முகத்தில் அறைந்தது. மேலே எருக்கலை பூத்து, வண்ணத்துப்பூச்சி பறந்துகொண்டிருந்தது. மண்ணின் ஆவியை இழுத்து எண்ணாகக் காட்டும் சிறிய கருவியில் இலக்கங்கள் ஏறிக்கொண்டே போயின. எவரும் பாராத இருளில், எத்தனையோ மழைக்காலங்களாக, ஓசையின்றி அந்த டீசல் கிணற்றை நோக்கி நகர்ந்திருக்கிறது.

கிணற்றடியில் துளைத்தபோது பரிமளக்கா என் கையைப் பற்றிக்கொண்டார். கோபம் எங்கே போனதென்று இருவருக்கும் தெரியவில்லை. கருவி மேலே வந்தது. அதன் பற்களில் கரிய களிமண் பசைபோல் ஒட்டியிருந்தது. நில்மினி ஆவி பார்த்தார். பூச்சியம். கிணற்று நீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துக் குலுக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். எண்ணெய்ப் படலமே இல்லை. வெயில் மட்டுமே இருந்தது. இரண்டு துளைகளுக்கும் இடையில் எங்கோ தொடங்கிய அந்தக் களிமண், டீசலை மறித்து, ஒருவரும் கேளாமலே, ஒரு கடையைக் காத்துக்கொண்டிருந்தது. இலக்கிய விளக்கம் எதுவும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. (அன்று என்னால் கடைக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.)

ஆயினும் ஆய்வுகூட முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது என்றார் நில்மினி. சில வாரங்களில் முடிவு வந்தது: கிணறு சுத்தம். ஆனால் கதை அதற்கு முன்னரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றும் அம்மா தேநீர் தந்தால், தம்பி முதலில் முகர்ந்துவிட்டு, "நடுநிலையா இருக்கம்மா" என்று அறிவித்த பிறகே குடிக்கிறான்.

நிலத்தைத் துளைத்த மறுநாள் காலையே, எங்கள் வீட்டுக் கிணற்று நீரை இரண்டு கலன்களில் நிரப்பி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பரிமளக்காவின் கடைக்குப் போனேன். தம்பியின் பழைய கரும்பலகையையும் கொண்டுபோனேன். என் சொல்லால் வந்த பழியை என் சொல்லாலேயே துடைப்பது என்பது திட்டம். வெண்கட்டியால் முத்துமுத்தாக இரண்டு வரிகள் எழுதி, வீதியைப் பார்க்க வைத்தேன்.

தேநீர்
நாற்றம் இல்லை

பரிமளக்கா வாசித்தார். நெற்றியில் கை வைத்தார்.

"தண்ணி கொண்டந்தது நல்ல வேலை, பிள்ளை. அந்தச் சொல்லை மட்டும் அழிச்சு விடுமன்."

நியாயம் என்று பட்டது. சால்வை நுனியால் 'நாற்றம்' என்பதை மட்டும் கவனமாக அழித்தேன். அப்போதுதான் நேற்றைய ஓட்டோ வந்து வேகம் தணித்தது. ஓட்டோக்காரர் தலையை நீட்டிப் பலகையை வாசித்தார், முகம் வாடிற்று, வண்டியைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டார்.

நான் பலகையைப் பார்த்தேன்.

தேநீர்
இல்லை

வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லவே கூசும் நான், அன்று ஏ-9 வீதியில் ஓட்டோவின் பின்னால் ஓடினேன்.

"அண்ணை! நில்லுங்கோ! தேத்தண்ணி இருக்கு! நாறேல்லை, அண்ணை, நாறேல்லை!"