பிளக்குன்னா ரெண்டு

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போய்விட்டது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எங்கே நாலு உறவுக்காரர்கள் கூடினாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் எவனாவது ஒருவன், "அந்த பிளக்கு கதைய சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவான். (கருமாதியில்கூடக் கேட்டார்கள். செத்தவர் கொடுத்து வைத்தவர் என்று அன்றைக்குத் தோன்றியது.) அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும், என்னை விட்டுவிடட்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் நான் பெரிய மேதாவி. அதாவது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத சமயம். கனகம்மாசத்திரத்தில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்தேன். தாய் தகப்பன் இல்லாத எனக்கு அக்காவும், அக்கா புருஷன் முனிரத்தினம் பாவாவும்தான் எல்லாம். பாவாவுக்கு எல்லாம் அவருடைய லாரிதான்.

அது யுத்தத்துக்கு முந்தைய குரூட் ஆயில் வண்டி, இப்போது டீசல் என்கிறார்களே, அது. கறுப்பாக இருக்கும், நினைத்தால்தான் நகரும். ஊரில் அதற்கு 'எருமை' என்று பெயர். பாவா எதிரில் அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

எனக்குத் திருத்தணியில் பெண் நிச்சயமானது. பெண் பெயர் லோகநாயகி. அவளை ஒரே ஒரு தடவை, காப்பித் தட்டுக்கு மேலே பார்த்திருந்தேன். அது போதுமாக இருந்தது. அதன்பிறகு பதினைந்து நாள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. தை மாசத்தில் ஒரு திங்கட்கிழமை, மலைமேல் முருகன் சந்நிதியில், காலை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். ஏழரைக்கு மேல் ராகு காலம். மாமனாருக்குப் பஞ்சாங்கத்தில் இருந்த நம்பிக்கை மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்மேல் இல்லை.

"வண்டி வருது வண்டி வருதுன்னு சொல்றீங்க. ஏழரை தாண்டிச்சின்னா நான் பொண்ண கூட்டிகினு படி எறங்கிப் போயிகினே இருப்பேன். அப்புறம் என்ன யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். அவருடைய மூத்த மகளுக்கு முதலில் பார்த்த சம்பந்தத்தை, தட்டு மாற்றுகிற அன்றைக்கு அரைமணி லேட்டாக வந்தார்கள் என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

சரியாக அந்தச் சமயம் பார்த்து எருமை விடியற்காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. திருத்தணியில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ராகவலு மேஸ்திரியிடம் கொண்டுபோய் விட்டோம். அவர் வெறும் மேஸ்திரி மட்டுமல்ல, லோகநாயகிக்குத் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரும் அவரே. வாயில் எப்போதும் ஒரு கவுளி வெற்றிலை இருக்கும்.

குரூட் ஆயில் எஞ்சினுக்கு பெட்ரோல் எஞ்சின் மாதிரி பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு வயசாகிவிட்டால் குளிர்காலையில் அந்தச் சூடு பற்றாது. அதற்காக சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருப்பார்கள். சுவிட்சை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் பிளக்கின் நுனிக் கம்பி சிவக்கும். டிரைவருக்குத் தெரிய வேண்டுமே என்று முன்னால் பலகையில் ஒரு சின்னக் கம்பியும் கூடவே சிவக்கும். அதைக் 'கண்ணு' என்பார் பாவா. எருமைக்குக் கண் திறக்கவில்லை. மேஸ்திரி பிளக்கைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாலும் மாத்தணும் வாத்தியாரே. பட்ணம் போனாத்தான் கெடைக்கும். பிளக்குன்னா ரெண்டு ஓல்ட்டு. ஞாபகம் வெச்சிக்கோங்க."

இதைத்தான் அவர் சொன்னார். (வோல்ட் அவர் வாயில் ஓல்ட்டு.) வெற்றிலைக்கு நடுவிலிருந்து என் காதுக்கு வந்தது என்னவோ, "பிளக்குக்குப் பன்னெண்டு ஓல்ட்டு."

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? பெண்ணின் தாய்மாமன். மாப்பிள்ளைக்குக் காது மந்தம் என்று அவர் போய்ச் சொல்லிவிட்டால்? அதுவும் இல்லாமல் நான் சயின்ஸ் வாத்தியார். "ஆங், தெரியும்ங்க மாமா. பேட்டரியே பன்னெண்டுதானே" என்று தலையாட்டினேன். அவரும் எதையோ நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

ரயிலேறிப் பட்டணம் போனேன். மோட்டார் சாமான் கடைக்காரர் நான் கொண்டுபோன பழைய பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரி பிடித்து அதில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் இரண்டு டப்பா கொண்டுவந்து வைத்தார். "மாட்டுற மரை ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார். இது ரெண்டு ஓல்ட்டு, இது பன்னெண்டு. பழைய வண்டின்னா பெரும்பாலும் ரெண்டுதான் போடுவாங்க" என்றார்.

தெய்வம் நேரில் வந்து கையைப் பிடித்துச் சொன்ன மாதிரி சொன்னார் ஐயா அந்த மனுஷன்! நான் என்ன செய்தேன்? ஒரு சிரிப்பு சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.) பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் இரண்டு வோல்ட் பிளக்கைப் போட்டால் பட்டென்று எரிந்துபோகும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே பேட்டரி படம் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவங்க சார்" என்று பன்னிரண்டைக் கட்டிக் கொடுத்தார்.

மேஸ்திரிக்குத் தாய்மாமன் சீர் வேலை தலைக்குமேல் இருந்தது. அதனால் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நானும் பாவாவுமே பிளக்கை மாட்டினோம். வண்டி அப்போதுதான் சவாரி போய்விட்டு வந்து கொதித்துக்கொண்டிருந்தது. செல்ஃபைத் தொட்டதும் கிளம்பிவிட்டது. "பாத்தியா! வாத்தியார்னா வாத்தியார்தான்" என்று பாவா என் முதுகில் தட்டினார். சூடாக இருக்கிற எஞ்சினுக்குப் பிளக்கே வேண்டாம் என்பது இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

"எதுக்கும் இப்பவே போய் திருத்தணி சத்திரத்துல தங்கிடலாமே" என்றாள் அக்கா.

"ஏன் பயப்படுற? புது பிளக்கு கீது" என்றார் பாவா. நானும், "புது பிளக்கு" என்றேன்.

விடிகாலை ஐந்து மணி. பனி கொட்டுகிறது. உறவுக்காரர்கள் முப்பது பேர் பட்டும் சரிகையுமாக லாரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பாவா பக்கத்தில், நெற்றியில் சந்தனம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. பாவா சுவிட்சை அழுத்தினார். கண் சிவக்கவில்லை. இன்னும் அழுத்தினார். இல்லை. செல்ஃபைப் போட்டார். எருமை இருமியது. மறுபடி போட்டார். பெருமூச்சு விட்டது. பத்து நிமிஷத்தில் பேட்டரியும் படுத்துவிட்டது.

"இன்னா மச்சான் இது, சூடே ஏறலியே?"

"ஏறும் பாவா. புதுசு இல்லையா, கொஞ்சம் கூச்சப்படும்" என்றேன். (சயின்ஸ் வாத்தியார் சொன்ன விளக்கம் இது.)

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பட்டுப்புடவைக்காரிகளும் தள்ளினார்கள். பத்தடி நகரும், நின்றுவிடும். ஆறு மணி அடித்தது. மாட்டு வண்டியில் போனால் மூன்று மணி நேரம். அடுத்த பஸ் எட்டு மணிக்கு. மலைமேல் மாமனார் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. லோகநாயகி படியிறங்கிப் போவதும் தெரிந்தது. முப்பது பேர் பார்க்க நடுரோட்டில் நின்று அழுதேன் என்பதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. பனி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வழியாக ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு குடியானவர் நின்று எங்களைப் பார்த்தார். "எறக்கத்துல உட்டா கெளம்பாதா? ஏரிக்கரை மேல இஸ்துகினு போலாம் வாங்க" என்று மாடுகளை லாரியில் பூட்டினார். மாடுகள் முன்னால் இழுக்க, நாங்கள் பின்னால் தள்ள, எருமை ஒருவழியாகக் கரைமேல் ஏறியது. பெண்களும் பெரியவர்களும் ஏறிக்கொண்டார்கள். "இப்ப உருட்டுங்கடா!" என்று கத்தினார் பாவா. புகைக்குழாய்க்கு நேர் பின்னால் நின்று தள்ளினவன் நான்.

எருமை சரிவில் உருண்டது, குலுங்கியது, கிளம்பியது. அவ்வளவு நேரமாக எரியாமல் தேங்கியிருந்த எண்ணெய் முழுவதும் கரிப்புகையாக என் மூஞ்சியில் வந்து அடித்தது. சந்தனம், பொட்டு, பட்டு வேட்டி எல்லாம் ஒரே நிறம். கண்ணைத் திறந்தால் லாரி போய்க்கொண்டிருக்கிறது!

"பாவா! நிறுத்துங்க!"

"நிறுத்த மாட்டேன்! நின்னா மறுபடி கெளம்பாது! ஓடி வா மச்சான்!"

கரிபூசிய மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கல்யாணத்துக்குப் போகிற லாரியின் பின்னால் ஓடினான். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொற்றி ஏறிவிட்டார்கள். கடைசியில் மூன்று பேர் என் கையைப் பிடித்து மூட்டை தூக்குகிற மாதிரி உள்ளே தூக்கிப் போட்டார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தாலித் தட்டைத் துணியால் மூடிக்கொண்டாள், கரி படக்கூடாது என்று.

அடிவாரத்தில் இறங்கும்போது மணி ஏழு. முந்நூற்று அறுபத்தைந்து படி. எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணுகிற லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. மேலே போய்ச் சேர்ந்தபோது ஏழு பத்து. மாமனார் என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள எங்கடா?"

"நான்தாங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் ராகவலு மேஸ்திரி முன்னால் வந்தார். என் கன்னத்தை ஒரு விரலால் வழித்து மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"எரியாத ஆயிலு. பிளக்கு சூடேறல. எத்தன ஓல்ட்டு வாங்கினீங்க?"

"நீங்க சொன்னதுதான் மாமா. பன்னெண்டு."

மேஸ்திரி வெற்றிலையை முழுங்கிவிட்டார். "ஐயோ நைனா! பிளக்குன்னா ரெண்டுன்னு இல்ல சொன்னேன்! நாலு பிளக்கும் வரிசையா கை கோத்துகினு நிக்குது. பேட்டரியில கீற பன்னெண்ட நாலும் பங்கு போட்டுக்கணும். வழியில கம்பி கொஞ்சம் தின்னும், மிச்சம் ஆளுக்கு ரெண்டு. நீங்க வாங்கினது ஒவ்வொண்ணும் பன்னெண்டும் எனக்கேன்னு கேக்குற பிளக்கு. எப்படி எரியும்?"

இந்தப் பாடத்தை அதற்கு முந்தின வாரம்தான் நாலாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தேன். படத்தோடு.

"ரெண்டுக்கும் பன்னெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கா என் பொண்ண குடுக்குறேன்?" என்று மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். படியைப் பார்த்துத் திரும்பினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த லோகநாயகிதான். முதலில் அழுகிறாள் என்று நினைத்து எல்லோரும் பதறினார்கள். தோள் குலுங்க, பூச்சரம் ஆட, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மேஸ்திரி, பிறகு பாவா. மாமனார் மட்டும் படியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ சிரிக்கிறாளேடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடிகாரத்தை மடியில் செருகினார். "நேரம் ஆவுது. மூஞ்சிய கழுவிகினு வந்து உக்காரச் சொல்லுங்க அந்த வாத்தியார."

ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். கரி முழுசாகப் போகவில்லை. மணையில் உட்கார்ந்தேன். தாலியைக் கையில் கொடுத்தார்கள். முடிச்சுப் போடக் குனிந்தபோது லோகநாயகி முதல்முதலாக என்னிடம் பேசினாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"முடிச்சு மூணுதான். பதிமூணு போட்டுடாதீங்க."

ராகவலு மாமா உயிரோடு இருந்தவரை என்னிடம் எந்த எண்ணைச் சொன்னாலும் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, விரலை நீட்டிக் காட்டித்தான் சொன்னார். அது அப்படியே வீட்டுப் பழக்கமாகிவிட்டது. என்னைக் கடைக்கு அனுப்பினால் லோகு வாசல்வரை வந்து விரல் காட்டுவாள். எங்களுக்குக் குழந்தைகள் எத்தனை என்று யாராவது கேட்டால், "ரெண்டுங்க. அவரக் கேக்காதீங்க, பன்னெண்டும்பாரு" என்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள், மருமகள்களும் கற்றுக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு அலுத்துவிட்டது, அவளுக்கு அலுக்கவில்லை.

இதோ, இதை எழுதி முடிக்கப்போகிற நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

"காப்பிக்கு சக்கர ஒரு ஸ்பூனா, பதினோரு ஸ்பூனா?"

எழுதுகிறதை நிறுத்தாமல் இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினேன். அங்கே அவள் சிரிக்கிறாள். மணையில் கேட்ட அதே சிரிப்பு.