ஒரு கார்டு, ரெண்டு பேர்

தைலம்மாள் உள்ளே நின்றாள். புருஷன் தட்சிணாமூர்த்தி வெளியே நின்றார். நடுவில் மீனம்பாக்கம் மெட்ரோவின் தானியங்கிக் கதவு வீம்பாக மூடிக்கிடந்தது.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? கார்டை வெய்யி!"

"வெச்சேன். சிவப்பு லைட்டுதான் எரியுது."

மருமகன் பொங்கலுக்கு வந்தபோது கொடுத்த கார்டு அது. சொந்த ஊரான மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ரெண்டு பேருக்கும் தைலம்மாள்தான் டிக்கெட் எடுப்பாள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, தான் நுழைந்ததும் கார்டைக் கதவுக்கு மேலாகப் புருஷனிடம் நீட்டியிருந்தாள்.

இன்றைக்குத் தோற்றால் மானம் போய்விடும். மகள் அஸ்வினிக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். சம்பந்தியம்மா பிரபாவதியோ போனில் பிடிகொடுக்கவில்லை.

"எங்க சைதாப்பேட்டைக்கு வரவே உங்களுக்கு ஆள் தொணை வேணும். நீங்க எப்படிப் பிரசவம் பாப்பீங்க? மொதல்ல மெட்ரோல தனியா வந்து காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

தைலம்மாள் விடுவதாக இல்லை.

"கார்டைக் குடு. நான் வெளிய வந்து உன்னை உள்ள அனுப்பறேன்."

கார்டை வைத்தாள். கதவு திறந்தது, வெளியே வந்தாள். தட்சிணாமூர்த்தி கார்டை வாங்கி வைத்தார். என்ன ஆச்சரியம், பச்சை விளக்கு! வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"தொறந்துச்சு பாத்தியா!"

"பாத்தேன். இப்ப நான் எப்படி வர்றது?"

அவர் யோசித்தார். பிறகு அவளை அழைத்துப் போக அவரும் வெளியே வந்தார். இப்போது ரெண்டு பேரும் வெளியே, மகளுக்கு எடுத்துவந்த மல்லாட்டை (வேர்க்கடலை) பை மட்டும் உள்ளே.

பின்னால் கூட்டம் கத்தியது. "ஜல்தி போங்க, ஆபீசுக்கு லேட்டாவுது!"

செக்யூரிட்டிக்காரர் பையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இங்க ஒரு ஆளுக்கு ஒரு கார்டு."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பேஜாரு?" என்றாள் தைலம்மாள். நேராகக் கவுன்ட்டருக்குப் போய் இன்னொரு கார்டு வாங்கினாள்.

ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு கதவு. ரயிலில் உட்கார்ந்ததும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு, கேட்காமலே, கார்டை எப்படி வைக்க வேண்டும் என்று விளக்கினாள். தட்சிணாமூர்த்தி தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

சைதாப்பேட்டையில் இறங்கி, கார்டை வைத்தாள், வெளியே வந்தாள். அவரும் வைத்தார், வந்தார். ஒரு தடங்கலும் இல்லை.

"வந்துட்டோம்யா! யார் தொணையும் இல்லாம வந்துட்டோம்!" சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

அங்கிருந்த செக்யூரிட்டிப் பெண் கைதட்டினாள். பிறகு கதவுக்கு உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்: "பாருங்கம்மா, வெளியூர்க்காரங்க எவ்ளோ அழகா வர்றாங்க!"

"யாருகிட்ட சொல்றீங்க?" என்றாள் தைலம்மாள்.

"அதோ அந்தம்மாகிட்டதான். ஊர்லருந்து வர்றவங்க தொலைஞ்சி போயிடுவாங்களாம், பிளாட்பாரத்துலயே பிடிக்கணும்னு, கார்டை வைக்காம முன்னால போனவர் பின்னாடியே நுழைஞ்சிட்டாங்க. இப்ப வெளிய வரமுடியல. கவுன்ட்டர்ல சொல்லுங்கன்னா வெக்கப்பட்டுக்கினு நிக்கிறாங்க."

பட்டுப்புடவை கட்டிய அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பி, கதவின் மேல் ரெண்டு கையையும் ஊன்றினாள்.

"சம்பந்தியம்மா, பிரசவம் மரக்காணத்துலயே நடக்கட்டும். மொதல்ல என்னை வெளிய கூட்டிக்கினு போங்க!"